கயிறு அறுந்து விழவில்லை

அந்தச் சார்ஜர் ஒயரைக் கொஞ்சம் சுற்றி வைத்துவிடட்டுமா, ஐயா? பேசும்போது கண்ணை உறுத்துகிறது. நன்றி. எட்டுப் போட்ட மாதிரி சுற்றினால் முறுக்கு விழாது. வட்டமாகச் சுற்றுகிறவர்களால்தான் உலகத்தில் பாதி வம்பு.

நான் வந்தது ஒரு திருத்தத்துக்காக. உங்கள் போலீஸ் அறிக்கையில் 'கயிறு அறுந்து விழுந்தார்' என்று எழுதியிருக்கிறீர்களாம். பதினான்கு வருடமாக மலையேற்றப் பயிற்சிக்கூடத்தில் கயிற்று அறையைப் பார்த்துக்கொள்கிறேன். என் கயிறு ஒன்றுகூட அறுந்ததில்லை.

திரும்பி வரும் ஒவ்வொரு கயிற்றையும் நுனி முதல் நுனி வரை கைக்குள் ஓடவிட்டு, மண் தட்டி, சிக்கெடுத்துப் பைக்குள் அடுக்குவேன். அதற்கு முன் அடி நுனியில் ஒரு பெரிய முடிச்சு. பாறையில் இறங்குகிறவர் மேல் நுனியை உச்சியில் கட்டிவிட்டு, பையை இடுப்பில் மாட்டிக்கொண்டு இறங்குவார். இறங்க இறங்கக் கயிறு பைக்குள்ளிருந்து வரும். எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியாது. அந்த முடிச்சு, கயிறு ஓடும் இடுப்புக் கருவியில் வந்து முட்டி அவரை நிறுத்திவிடும். அது பையின் அடியில் கிடப்பதால் யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. என் கையை நம்பிப் போவார்கள். அப்படித்தான் எங்கள் வழக்கம்.

என் மனைவியின் தம்பிதான் அங்கே தலைமைப் பயிற்சியாளன். சுவரில் ஒட்டிக்கொள்வதால் எல்லோருக்கும் அவன் 'பல்லி'. நல்ல பையன், குறை சொல்லக் கூடாது. ஆனால் அவன் கொண்டுவந்து போடும் கயிற்றைப் பார்த்தால், குளியலறைக் குழாயில் அடைத்த முடிதான் ஞாபகம் வரும். நான் பிரஷ்ஷால் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தால் வாசலில் சாய்ந்து நிற்பான்.

"என்ன அத்தான், தலை வாரி விட்டாச்சா? பவுடர் போடலையா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு.

போன வாரம் அவன் மேனேஜரிடம் ஒரு யோசனை சொன்னான். கயிறுகளைப் பெரிய பெரிய டப்பாக்களில் போட்டுவிட்டால் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்களாம். "அத்தானுக்கும் வயசாகுது சார். ஷூ கவுன்ட்டர்ல உக்காரட்டும், பாவம்." பாசத்தில்தான் சொன்னான். திங்கட்கிழமை முதல் கயிற்று அறை கிடையாது என்று முடிவாயிற்று. டப்பாவுக்குள் நாற்பத்திரண்டு கயிறுகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடப்பதை நினைத்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் உயரப் பாறைக்குப் போவதாக இருந்தது. சனிக்கிழமை அவனுக்கான நீலக் கயிற்றை எடுத்துப் பார்த்தேன். நுனி கொஞ்சம் பிரிந்திருந்தது. ஒரு விரற்கடை வெட்டினால் போதும். நான் ஒன்பது மீட்டர் வெட்டினேன். வெட்டிய இடத்தை நெருப்பில் காட்டி வழவழவென்று மூடினேன். பை அட்டையில் அறுபது மீட்டர் என்றிருந்ததை அடித்துத் திருத்தவில்லை; அடித்தல் திருத்தல் பார்க்க அசிங்கம். முடிச்சும் போடவில்லை.

காலையில் அவனே வந்து பையை வாங்கினான்.

"முடிச்சு இருக்குல்ல அத்தான்?"

"என்னிக்கு இல்லாம இருந்திருக்கு?" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்விதான் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "உங்கள அடிச்சுக்க ஆளே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று கயிறு எங்கும் சிக்காமல், தண்ணீர் மாதிரி ஓடியதாம். முழுதும் ஓடி முடிந்தபோது தரை இன்னும் இரண்டு மாடி கீழே இருந்தது. மூன்று நாளாகிறது, அவன் கண் திறக்கவில்லை. ஆக, அறுந்தது என்பதை அடித்துவிட்டு, வெட்டியவன் நான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் காவலர் அந்தக் கயிற்றைச் சாட்சிப் பொருள் என்று சொல்லி, வாரிச் சுருட்டி ஒரு சாக்கில் திணித்தார். பக்கத்தில் நின்ற நான் வாய்விட்டு அழுதேன். என் மனைவி முதுகைத் தடவி, "அழாதீங்க, அவன் பொழச்சுக்குவான்" என்றாள். அவளிடம் மற்ற எல்லாவற்றையும் சொல்லுங்கள். எதற்காக அழுதேன் என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள், மனம் தாங்க மாட்டாள்.