கிளிப் கழற்றிய குடுவை

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, என் சித்தியின் ஆய்வகத் தோழர்களே, கைக்குட்டையும் கையுமாக வந்திருக்கும் உறவினர்களே! நான் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மாடியில் ஒரு குடுவை இருக்கிறது.

எங்கள் வீட்டில் காப்பி மூன்று வகை. குடிப்பது, நான் பரீட்சையில் அடிப்பது, சித்தி ஆராய்வது. ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரியும் முன் தன் டிஎன்ஏவைப் பிரதி எடுக்கிறதே, அது எங்கே தொடங்குகிறது? யார் சொல்லித் தொடங்குகிறது? இதுதான் முனைவர் சித்தியின் வாழ்நாள் கேள்வி!

டிஎன்ஏவில் தொடக்க இடங்கள் பல. முதலில் அவற்றில் புரத வளையங்கள் ஏறும். அதுதான் அனுமதி. பிறகு சமிக்ஞை வரும், பிரதி கிளம்பும். கிளம்பிவிட்டால், செல் பிரியும்வரை புது வளையம் ஏறாது. ஏறினால் என்ன ஆகும்? எடுத்ததையே மறுபடி எடுத்து, டிஎன்ஏ நொறுங்கி, செல் தறிகெட்டுப் போகும்.

வளையம் ஏறிய நிலையில் மருந்து போட்டு நிறுத்திவைத்த ஈஸ்ட் குடுவைக்குச் சித்தி ஒரு துணிக் கிளிப் மாட்டுவார். மருந்தைக் கழுவியதும் கழற்றுவார். மறுபடி மாட்ட எவருக்கும் துணிச்சல் வராது. வீட்டில் பிஸ்கட் டப்பாவுக்கும் அதே சட்டம். "கிளிப்ப எடுத்தா எடுத்ததுதான். அடுத்தது நாளைக்குத்தான்டா" என்பார். அந்த வழக்கில் நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

அவர் கடைசியாக உருவாக்கிய ஈஸ்ட்டில், மறு அனுமதியைத் தடுக்கும் தெரிந்த பூட்டுகள் அத்தனையையும் உடைத்துவிட்டார். இனி பிரதி இருமுறை ஓடுமா? நமக்குத் தெரியாத பூட்டு ஏதேனும் மறிக்குமா? அதைப் பார்க்கும் முன் அவர் இதயம் நின்றுவிட்டது!

இன்று காலை, சித்தியிடம் வேலை பார்த்த ஆய்வக அக்கா அந்த ஈஸ்ட்டை மருந்தில் நிறுத்தி, கிளிப் மாட்டினார். ஆய்வகம் இன்றோடு மூடப்படுகிறது, கூட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிடச் சொன்னீர்கள், இயக்குநர் ஐயா. ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று அக்கா கெஞ்சினார்.

"அனுமதி இல்லாம எதையும் தொடங்காதீங்கம்மா" என்றீர்கள்.

அனுமதி காலையிலேயே ஏறிவிட்டது, ஐயா. அக்கா அழுதுகொண்டு வெளியேறியதாக நினைத்தீர்களா? அழுதார்தான். ஆனால் மருந்தைக் கழுவப் போனார். என் சட்டைப்பையில் இருப்பது என்ன தெரியுமா? இதோ, அந்தக் கிளிப்!

சித்தியின் சட்டப்படி இதை இனி மாட்ட முடியாது. விடை தெரியும்வரை அந்தக் குடுவையை விட்டு நாங்கள் நகர மாட்டோம். இது சித்திமேல் ஆணை.

மௌன அஞ்சலியை நீங்கள் எழுந்து நின்று செலுத்துங்கள். குடுவையிலிருந்து மாதிரி எடுக்கும் நேரம் ஆகிவிட்டது. நான் படியேறிக்கொண்டே செலுத்துகிறேன்.