எல்லாம் நின்ற பிறகும் ஆடிய முள்

டெலானிபூர் மேட்டு மோட்டார் பணிமனையின் தலைமை மெக்கானிக்காக இருந்து இன்று பணி நிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய திரு. ஆவுடையப்பன் அவர்களுக்கு, உடன் உழைத்தவர்கள் உள்ளம் நெகிழ்ந்து வாசித்தளிக்கும் மடல்

அந்தமானின் அரும்புகழே! இரும்பின் இருமலை இருந்த இடத்திலிருந்தே இனங்கண்ட ஏந்தலே! உப்புக்காற்றில் ஊரே துருவேற, உள்ளம் துருவேறாத உத்தமரே! கப்பலில் வரவேண்டிய உதிரிபாகம் கடலிலேயே கிடக்க, கைவசம் உள்ளதைக் கொண்டே கரைசேர்த்த காரியத் திலகமே! வணக்கம்!

இதற்கு மேலும் ஒரு விளி இருந்தது. 'அசையாத நிலம்போல் அமைந்த அண்ணலே' என்பது அது. அபர்டீன் பஜாரில் அச்சகம் வைத்திருக்கும் ஜெயமணி அண்ணன், ஓய்வு பெறுகிற எல்லாருக்கும் கேட்காமலே சேர்த்துத் தருகிற வரி. சென்ற வாரம் வரை எங்களுக்கும் அதில் குறை தெரியவில்லை. இப்போது சிவப்பு மையால் அடித்துவிட்டோம். நிலத்தைச் சொல்லி ஒருவரைப் புகழும் துணிவு எங்களுக்கு இனி வராது. இந்த மடலை எழுதும்போதுகூட மேசை லேசாக அசைந்தால் எழுந்து வாசலுக்கு ஓடுகிறோம்.

தாமிரபரணிக் கரையில் பிறந்து, தகரப்பெட்டி ஒன்றோடு கப்பலேறி வந்து, முப்பதாண்டுக்கு மேலாக இந்த மேட்டிலேயே முதுகு வளைத்தீர்கள். ஜீப்பென்றும் டிப்பரென்றும் டூரிஸ்ட் வண்டியென்றும் பேதம் பாராமல், எந்த நடுக்கம் எங்கே பிறந்து எங்கே வந்து தெரிகிறது என்று தேடிப் பிடித்தீர்கள். கனிவு, சாந்தம், புன்முறுவல் என்று மடல்களில் வழக்கமாக வரும் குணங்களையும் எழுதத்தான் நினைத்தோம். சபையில் இருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள் என்பதால் விட்டுவிட்டோம். உங்கள் வாயால் ஒரு சபாஷ் வாங்குவதைவிட தீவின் வடகோடியில் இருக்கும் திக்லிபூருக்கு நடந்தே போய்வருவது சுலபம்.

ஆனால் உங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. நடுக்கம் என்று எந்த வண்டி வந்தாலும், அளவெடுக்கும் முன் கொட்டகை நடுவில் நின்று "சப் பந்த்!" என்று ஒரு குரல் கொடுப்பீர்கள். எல்லாவற்றையும் நிறுத்து என்று பொருள். வங்காளிக்கும் தெலுங்கருக்கும் மலையாளிக்கும் ஒரே வீச்சில் விளங்கட்டும் என்று இந்தியில் இடுகிற கட்டளை. கம்ப்ரஸர் நிற்க வேண்டும், கிரைண்டர் நிற்க வேண்டும், மின்விசிறி நிற்க வேண்டும், அலுவலக அறையில் அகிலா கேட்கும் பாட்டும் நிற்க வேண்டும். அத்தனையும் அடங்கிய பிறகுதான், வியர்வை வழிய வழிய, அளவுக் கருவியின் முள்ளைப் பார்க்கச் சொல்வீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் உங்கள் உதவி மெக்கானிக் கோகுல் இடுப்பில் கைவைத்து அதேபோலக் குரல் கொடுத்துக் காட்டுவார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். இனிமேல் அந்தக் குரலைக் கேட்டுச் சிரிக்க இங்கே எவருக்கும் வராது.

நந்தகுமார் காண்ட்ராக்டர் சென்னையில் வாங்கிக் கப்பலேற்றிக் கொண்டுவந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைச் சபை அறியும். இருவர் உட்காரலாம், தரையோடு தரையாகப் படுத்திருக்கும். கொஞ்சம் நீட்டி ஓட்டினால் கடலுக்குள் இறங்கிவிடும் ஊரில் இது எதற்கு என்று கேட்டால், "ஷௌக் சார், ஒரு ஆசைதான்" என்று சிரிப்பார். அந்த ஆசைக்கு ஒரு சோதனை வந்தது. வேகம் பிடித்ததும் கண்ணாடி நடுங்கியது, இருக்கை நடுங்கியது, நந்தகுமாரின் கன்னச் சதையும் சேர்ந்து நடுங்கியது.

பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் பார்த்தீர்கள். நடுங்கத் தொடங்கியதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி எஞ்சினை அடங்கவிட்டு, வண்டியை உருளவிடச் சொன்னீர்கள். நடுக்கம் போகவில்லை, ஆக, எஞ்சின் இல்லை. சக்கரங்களை மாற்றிப் பார்த்தீர்கள். அப்போதும் போகவில்லை, ஆக, சக்கரமும் இல்லை. மிஞ்சியது முன்னாலிருக்கும் கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட ஷாஃப்ட். கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் அமுங்கிப்போய், ஷாஃப்ட் முன்பக்கம் ஒரு சாய்வும் பின்பக்கம் வேறொரு சாய்வுமாகக் கோணிக்கொண்டிருந்தது. ரப்பருக்கு அடியில் மெல்லிய தகடுகளை வைத்து ஏற்றினீர்கள். ஒரு தகடு கூட்டினால் இந்தப் பக்கம் சரி, அந்தப் பக்கம் தப்பு. ஒவ்வொரு தகட்டுக்கும் கோகுல் காருக்கு அடியில் போய், மயிரிழை அசைவையும் முள்ளால் காட்டிக்கொடுக்கும் அந்த டயல் கேஜைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கோகுலுக்கு அன்று பொறுமை போய்விட்டது. வேலை முடிந்துவிட்டது என்று அவர் மனதுக்குப் பட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. மனைவி தமிழரசி பிரசவத்துக்காகத் திக்லிபூரில் தாய்வீட்டில் இருந்தாள். மத்தியானம் போனில் கூப்பிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். சில நாளில் ஓய்வுபெற்று வீட்டுக்குப் போகப்போகிற மனிதருக்கு இன்னும் எத்தனை தரம் பார்த்தால் திருப்தி வரும் என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டேதான் மல்லாந்து அடியில் நுழைந்தார். வண்டியைத் தூக்கும் எங்கள் லிஃப்டுக்கு வரவேண்டிய பாகம் கடைசியாக வந்த கப்பலிலும் வரவில்லை. கார் நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நின்றது.

"சப் பந்த்!" என்றீர்கள். எல்லாம் நின்றது.

"யாரு கம்ப்ரஸர் போட்டது? முள்ளு துடிக்குது சார்" என்றார் கோகுல், அடியிலிருந்து.

"ஒண்ணும் ஓடலைலே."

"அப்ப ஷாஃப்ட்தான் சார். நான் தொடவே இல்ல, தானா ஆடுது. ருக்கோ சார், ஒரு நிமிஷம், ரீடிங் சொல்றேன்."

அந்த ரீடிங் என்னவென்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. நீங்கள் குனிந்தீர்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கணுக்கால்களையும் பிடித்தீர்கள். நெல்மூட்டையை இழுப்பதுபோல இழுத்தீர்கள். தனக்கு என்ன நடக்கிறது என்று கோகுலுக்கு விளங்கவில்லை. சட்டை சுருண்டு, முதுகு சிமெண்டில் தேய்ந்து, தலை வெளியே வரும்போதே அவர் கத்தினார்: "க்யா சார் யே! என்ன இது? ரீடிங் எடுத்துட்டு இருக்கேன்ல!"

அப்போதுதான் ஆடியது.

ஐயா, இந்தத் தீவில் நிலம் அசைவது எங்களுக்குப் புதிதல்ல. தேநீர் குடித்துக்கொண்டே "ஹிலா க்யா?", ஆடியதா, என்று கேட்டுவிட்டு, மிச்சத் தேநீரையும் குடிக்கிறவர்கள் நாங்கள். ஆனால் அன்றைக்கு முறத்தில் போட்டுப் புடைத்ததுபோல் ஆனோம். கூரைத் தகடுகள் கூக்குரலிட்டன, ஸ்பானர்கள் பலகையோடு விழுந்தன. சிவப்புக் கார் ஒருமுறை தலையசைத்தது. பின்னிரண்டு ஸ்டாண்டுகளும் சரிய, அப்படியே கீழே உட்கார்ந்தது. எந்த இடத்தில் உட்கார்ந்தது என்பதைக் கோகுல் பார்த்தார். ஒரு மூச்சுக்கு முன்பு தன் நெஞ்சு இருந்த இடம் அது.

அகிலா வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். காரைத் தன் உயிர் என்று சொல்லித் திரிந்த நந்தகுமார் காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நாங்கள் எல்லாரும் இருக்கிறோமா என்று தலைகளை எண்ணினார். பிறகு, அலை எழுகிறதா என்று மேட்டிலிருந்து எல்லாருமாகக் கடலைப் பார்த்தோம். அது பாட்டுக்குக் கிடந்தது.

நீங்கள்தான் முதலில் வாய் திறந்தீர்கள். காருக்கு அடியில் குனிந்து பார்த்து, "கேஜு போச்சேலே" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் கோகுலிடம், "எந்திரிலே. முதுகக் காட்டு" என்றீர்கள். கோகுல் முதுகைக் காட்டவில்லை. உட்கார்ந்தபடியே தமிழரசிக்குப் போன் போட்டார்.

"இங்கயும் ஆடுச்சுங்க. பாத்திரம் ரெண்டு உருண்டுச்சு, அவ்வளவுதான். நீங்க சாப்ட்டீங்களா?" என்றாள் அவள்.

"ம்" என்றார் கோகுல்.

எப்படித் தெரிந்தது என்று நாங்கள் அத்தனை பேரும் உங்களைக் கேட்டோம். ஞானதிருஷ்டி என்றார் ஒருவர். குலதெய்வம் என்றார் இன்னொருவர். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாத்தையும் நிப்பாட்டுன பொறவும் ஒண்ணு ஆடுதுன்னா, ஆட்டம் வண்டில இல்லலே. பொறவு அங்க என்ன யோசன? இழுத்தேன்" என்றீர்கள். எஞ்சின் இல்லை, சக்கரம் இல்லை, இப்போது ஷாஃப்டும் இல்லை. மிஞ்சியது பூமி. அவ்வளவுதான் உங்கள் கணக்கு. அந்தக் கணக்கைப் போட உங்களுக்கு ஒரு நொடி. அது எங்களுக்குப் புரிய இரண்டு நாள்.

அதிர்ச்சி அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. இரண்டு நாள் கழித்துக் காரை மறுபடியும் ஏற்றினீர்கள். கடன் வாங்கிய கேஜ். பழையபடி தகடுகள். யார் அடியில் போவது என்ற கேள்வி வந்ததும் ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தோம். நீங்களே சட்டையைக் கழற்றினீர்கள். அப்போது கோகுல் முன்னால் வந்தார். "நான் போறேன் சார். இன்னிக்குப் போகலேன்னா அப்புறம் எப்பவும் போகமாட்டேன்" என்றார். நீங்கள் சமாதானம் சொல்லவில்லை, தைரியமும் சொல்லவில்லை. காரைச் சுற்றி மரக்கட்டைகளை அடுக்கச் செய்தீர்கள். அவர் உள்ளே போனதும் அந்த எண்ணெய்த் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, அவருடைய கணுக்காலைக் கையில் பிடித்துக்கொண்டீர்கள். "சப் பந்த்" என்று அன்று நீங்கள் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னீர்கள். எல்லாம் நின்றது. முள்ளும் நின்றது.

கடைசித் தகடு பொருந்தும்வரை அந்தக் கையை நீங்கள் எடுக்கவே இல்லை. உள்ளே இருட்டில், முள்ளைப் பார்த்தபடி, கோகுல் அழுதார். அது எங்களுக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்று மாலையே சிவப்புக் கார் ஓடியது. டேஷ்போர்டின் மேல் நந்தகுமார் செங்குத்தாக நிறுத்திவைத்த நாணயம் விழவில்லை. "சரியா இருக்கு" என்றீர்கள். அதுதான் நாங்கள் கேட்ட உங்கள் முதல் சபாஷ்; காருக்குத்தான் என்றாலும் நாங்களும் பங்கு போட்டுக்கொண்டோம்.

பண்பாளரே! உங்கள் துணைவியார் சுசீலா அக்காவோடு நீங்கள் தாமிரபரணிக் கரை திரும்புங்கள். அங்கே உங்கள் வீட்டில் மின்விசிறி ஓடட்டும், பாட்டு ஓடட்டும், பேச்சும் சிரிப்பும் ஓடட்டும். உங்கள் நெஞ்சு இடைவிடாமல் ஒரே சீராக ஓடட்டும். எதையும் நிறுத்தச் சொல்லும் தேவை எந்நாளும் உங்களுக்கு வராதிருக்கட்டும்!

கடைசியாக ஒரு விண்ணப்பம். இந்த மடலை எழுதியது நாங்கள், வாசித்துக்கொண்டிருப்பவர் கோகுல். வேண்டாம் என்றோம், தானேதான் வாசிப்பேன் என்று வாங்கிக்கொண்டார். அவர் கையில் இந்தத் தாள் நடுங்கினால், ஐயா, தயவுசெய்து எழுந்து வந்து காரணம் தேடாதீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

இங்ஙனம்,
நீங்கள் இழுத்தால் இன்றும் கேள்வி கேட்காமல் வருகிற
பணிமனைத் தோழர்கள்,
டெலானிபூர்.