கஞ்சி தீர்ந்துபோய்விட்டதாம்!

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அஹ்சன் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே, நோன்பு திறந்த கையோடு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, சிராங்கூன் சாலை நெரிசலை நீந்தி வந்திருக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவர் மீதும் அமைதி நிலவுவதாக!

'இறைவன் தொலைவில் இருக்கிறானா, அருகில் இருக்கிறானா?' எனக்குக் கொடுத்த தலைப்பு இது. இனிக்க இனிக்கப் பேசுவேன் என்று பொன்னாடையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். இனிக்காது, ஐயா! நேற்று பிற்பகலிலிருந்து எனக்கு நெஞ்சு எரிகிறது.

மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நம் சங்கம் நோன்புக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறது. நேற்று வரிசையில் எனக்கு முன்னால் லீலா நின்றார். என் எதிர்வீட்டு மாணிக்கத்தின் மனைவி. தொண்டையில் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் கணவருக்காகத் தூக்குச்சட்டியோடு வந்திருந்தார். நம் தொண்டர் ரமீஸ் அகப்பையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சாரி ஆன்ட்டி, இந்த வருஷம் நோன்பு பிடிக்கிறவங்களுக்கு மட்டுந்தான். கமிட்டி ரூல் லா."

"அவருக்கு வேற எதுவும் இறங்கல தம்பி. அரை அகப்பை போதும்."

"உங்களுக்கு ஊத்துனா எல்லாரும் கேப்பாங்க ஆன்ட்டி."

கேட்கட்டுமே! கேட்டால் என்ன கெட்டுவிடும்?

என்ன அங்கே சத்தம்? 'வீட்டிலேயே காய்ச்சலாமே' என்கிறீர்களா? காய்ச்சினார், தம்பி! வீட்டுக் கஞ்சிக்கு முகத்தைத் திருப்புகிற மனிதர் நம் கஞ்சிக்கு வாய் திறக்கிறார். ஏன் திறக்கமாட்டார்? போன வருஷம் வரைக்கும், இரவு வேலை பார்த்த கண்களோடு வந்து, கொதிக்கும் அண்டாவை நம்மோடு சேர்ந்து இறக்கி வைத்தவர் அவர்! இறக்கும்போது கேட்டோமா, 'நீ நோன்பா?' என்று? ஊற்றும்போது மட்டும் ஏன் கேட்கிறோம்?

என் பங்கை வாங்கிக்கொண்டு லீலாவின் பின்னாலேயே மாடிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே மாணிக்கத்தின் கம்மிய குரல்: "கஞ்சி வந்துடுச்சா?"

"இன்னைக்குத் தீந்துபோச்சுங்க. கீழ செம கூட்டம்."

கேட்டீர்களா, தாய்மார்களே? அண்டாவில் பாதிக்கு மேல் கஞ்சி கிடந்தது! நாம் விரட்டிய பெண் நம் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொன்னார்! என் கஞ்சியைக் கொடுத்துவிட்டு வந்தேன். நேற்றைக்குச் சரி. மற்ற நாள்களுக்கு?

இறைவன் தொலைவில் இருந்தால் நமக்கு எவ்வளவு வசதி! அகப்பை பின்வாங்கியதைப் பார்த்திருக்கமாட்டான். அந்தப் பொய்யைக் கேட்டிருக்கமாட்டான். ஆனால் அவன் அருகில் இருக்கிறான், ஐயா! அண்டாவுக்கும் அருகில், அந்த வாசலுக்கும் அருகில்! அது உங்களுக்கு ஆறுதல். எனக்கு நடுக்கம்!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள், பாருங்கள். விதி போட்டவர் நீங்கள்தானே! என்ன, 'போன வருஷம் பத்தலையே காதர் மாமா' என்கிறீர்களா? பத்தாவிட்டால் அரிசியைக் கூட்டுங்கள்; ஆளைக் குறைக்காதீர்கள்!

நாளை மாணிக்கத்தின் தூக்குச்சட்டியோடு அந்த வரிசையில் நான் நிற்பேன். அதில் ஊற்றாவிட்டால் என் சட்டியிலும் ஊற்றாதீர்கள். பச்சைத் தண்ணீரில் நோன்பு திறந்துகொள்கிறேன்.

இந்தப் பொன்னாடையும் எனக்கு வேண்டாம். ரமீஸிடம் கொடுங்கள். அண்டாவை இறக்கும்போது கை சுடாமல் பிடிக்க ஒரு துணி வேண்டும். இறக்கித் தந்த கைதான் படுத்துவிட்டதே!

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுக்காமல் நெளிந்தவர்களுக்கு அதைவிட நன்றி. அனைவருக்கும் என் ஸலாம்.