உருளாத வேன்

எனக்கு மலைப்பாதையில் பஸ்ஸில் போனாலே குமட்டும் ஐயா. அதனால் திருத்தணி மலைக்கு எப்போதும் படியேறித்தான் போவேன். சிரிப்பு என்னவென்றால், ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருப்பவனும் நான்தான்.

2003இல் சென்னையில் ஒரு வீடியோ கேம் கடையை மூடினார்கள். தலையில் மாட்டும் கண்ணாடி, ஸ்டியரிங், பெடல், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அங்கிருந்து அள்ளி வந்தேன். மாட்டினால் கண்முன்னே மலைப்பாதை. நாற்காலியில் உட்கார்த்தியே ஊரை மலையேற்றும் மகா வித்வான் ஆகிவிட்டேன்.

முதலில் அதில் வண்டி நிஜம்போலவே சரிவில் பின்னால் உருண்டது. முதலில் வந்த சந்திரா கண்ணாடியைக் கழற்றுவதற்குள் வாந்தி எடுத்தாள். மறுநாள் யாரும் வரவில்லை. உருளுவதை நிறுத்திவிட்டேன். ஒரே பொத்தான். அதன்பிறகு ஹேண்ட்பிரேக்கை விட்டாலும் வண்டி சமர்த்தாக நிற்கும். எல்லோருக்கும் ஓட்ட வந்துவிட்டது. என் பெருமையைக் கேட்கவா வேண்டும்.

விசைத்தறிக்காரர் ராஜவேலு பழைய வேன் ஒன்று வாங்கினார். "சார், பூஜைக்கு மலைக்கு எட்த்துகினு போவணும். ஒருவாட்டி நெஜ ரோட்ல பழகிக்கலாங்களா?"

மலைப்பாதையில் அவர் பக்கத்தில் நான் உட்கார வேண்டுமே. "எதுக்குங்க? மிஷின்லயே நாப்பது வாட்டி ஏறிட்டீங்க."

"அதான் சார் சொல்றாரே பாவா," என்றாள் அவர் மனைவி அம்சா. பாவம், என்னை நம்பினாள்.

பூஜையன்று நானும் படியேறிப் போனேன், சிஷ்யனைப் பார்த்துப் பூரிக்க. மலைமேல் சரிவில் வேன் மேட்டைப் பார்த்து நின்றது. முன்சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம். வேனுக்குப் பின்னால் நின்று, அம்சா அதன் பின்கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். குருக்கள் பழத்தின்மேல் ஏற்றச் சொன்னார். நான் கற்றுக்கொடுத்தபடியே ராஜவேலு முதலில் ஹேண்ட்பிரேக்கில் கை வைத்தார். பார்த்தேன். கத்தியிருக்கலாம். இத்தனை பேர் முன்னால் வாத்தியார் மானம் போகுமே என்று வாயை மூடிக்கொண்டேன். பிரேக்கை விட்டுவிட்டு அவர் நிதானமாக ஆக்சிலேட்டரைத் தேடினார். வேன் பின்னால் போனது. அம்சாவுக்குப் பின்னால் மதில்சுவர்.

பத்தாம் நாள் ராஜவேலு கேட்டார். "என் காலுதாங்களா சார் தப்பு பண்ணிச்சி?"

"ஆங், பதட்டங்க. யாருக்கும் வரும்," என்றேன். ஆறுதல் சொல்வதில் நான் கெட்டிக்காரன். ஐந்து வருடமாக அந்தக் காலை அடித்துக்கொண்டு அழுகிறார். அவர் கால் இல்லை ஐயா, நான்தான் கொன்றேன். என் வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பொத்தானைத் திரும்பப் போட்டுவிட்டாயா என்கிறீர்கள். எப்படி ஐயா போடுவது? படிக்க வருகிறவர்களுக்குத் தலை சுற்றுமே, பாவம்.