எடைக் கட்டத்தில் பெயர்கள்

— அக்கா, பட்டியல் தப்புன்னு ஒரு தடவை தள்ளினா திருத்தி அனுப்புவாங்க. இவரு தள்ளத் தள்ள அனுப்பிக்கிட்டே இருக்காரு. அதுவும் சந்தோஷமா!

— யாரைச் சொல்றே கியுவோன்? சாப்பிட விடேன், நூடுல்ஸ் ஊறிப்போகுது.

— பியோன்னு ஒருத்தர். கீஜாங் ஊர்லேர்ந்து ஜப்பானுக்கு, ஃபுகுவோகா போற கப்பலுக்கு நெத்திலிக் கருவாடு ஏத்துறவரு. பேசினதில்ல, மெயில்லதான் பழக்கம். நம்ம சர்வர் அவரோட சரக்குப் பட்டியலைக் காலையிலேர்ந்து தப்புன்னு திருப்பி அனுப்புது. அவரு 'ரொம்ப நன்றி'ங்கறாரு.

— தப்புன்னு சொன்னதுக்கு நன்றியா? எங்க, காட்டு.

— இதோ. எந்தக் கட்டத்துல என்ன இருக்கணும்னு விதி வச்சிருக்கோமே, அந்த ஸ்கீமா எடைக் கட்டத்துல எண் இல்லன்னு தள்ளியிருக்கு. சோதனை ஒழுங்காத்தானே வேலை செய்யுது, ஹேரின் அக்கா?

— அதெல்லாம் செய்யுது. அவருக்குப் போன பதிலைப் படி.

— 'எடை எண்ணாக இருக்க வேண்டும். நீங்கள் எழுதியது...' இதென்னக்கா, கருவாட்டு எடையில உங்க பேரு?

— என் பேரா?

— என் பேரும் இருக்கு. அட, நம்ம சர்வர்ல உள்ளே நுழைய அனுமதி இருக்கறவங்க எல்லார் பேரும்! இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?

— நாமதான் சொல்லியிருக்கோம். அந்த எக்ஸ்எம்எல் ஃபைலோட தலையைப் பாரு. 'எடைன்னு வர்ற இடத்துல, உன் வீட்டுல இருக்கற இந்த ஃபைலைப் படிச்சுப் போட்டுக்கோ'ன்னு ஒரு உத்தரவு. ஃபைலைப் படிக்கற நம்ம பார்ஸரும் சொன்னபடி கேட்டிருக்கு.

— எவனோ சொன்னா செஞ்சிடுமா?

— வேண்டாம்னு நாம சொல்லி வைக்கலன்னா செய்யும். பார்ஸர் படிச்சு முடிச்ச பிறகுதானே ஸ்கீமா சரி பார்க்குது? வாசல் காவக்காரன் 'நீ யாரு'ன்னு கேக்கறதுக்குள்ள ஆள் அடுப்படி வரைக்கும் போய்ட்டு வந்துட்டான்.

— அப்போ நாம தள்ளினது...

— தள்ளணும்னுதான் அனுப்பறாங்க. என்ன தப்புன்னு நாமளே விலாவாரியா எழுதித் தர்றோமே! அடுத்தது ஏதாவது வந்திருக்கா?

— வரிசையில ஒண்ணு நிக்குது. தலையில... ஐயையோ, கடவுச்சொல் ஃபைல்!

— வரிசையை நிறுத்து!

— நிறுத்திட்டேன்க்கா.

— அவன் மூளையைப் பாரேன், கதவை உடைக்காம நம்மளையே எடுத்துக் கொடுக்க வச்சிருக்கான். நகரு. தலையில அப்படி உத்தரவு இருந்தா, அதுக்கு மேல படிக்கவே படிக்காதேன்னு பார்ஸர்ல போடறேன். வெளி ஃபைல் எதையும் தொடக் கூடாது. ஸ்கீமாவும் நம்மகிட்ட இருக்கறதுதான், ஃபைல் கைகாட்டறது இல்ல. பதில்ல வரி எண் மட்டும் போகட்டும்... ம், இப்ப வரிசையைத் திற.

— 'ஏற்கப்படவில்லை. இரண்டாவது வரி.' அவ்வளவுதான் போயிருக்கு!

— எதுக்கும் கடவுச்சொல்லையும் மாத்திடறேன். நீ அந்த பியோவுக்கு போன் போடு. சண்டை போடாதே. ஏன் செஞ்சாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். ஸ்பீக்கர்ல போடு.

— ஹலோ, பியோ மேனேஜருங்களா? சரக்குப் பட்டியல் விஷயமா...

— பியோதாங்க பேசறேன். சட்டுனு சொல்லுங்க, இன்னொரு போன்ல ஆள் காத்திருக்காரு.

— உங்க ஃபைல்ல மேல ரெண்டு வரி புதுசா இருக்கே, அது யாரு எழுதினது?

— எனக்கென்னங்க தெரியும், நான் கருவாட்டுக்காரன். பட்டியல் வாங்கற உங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் போன்ல சொன்னாரு, ஒட்டினேன். வர்ற பதிலை அப்படியே அவருக்கு அனுப்பிடறேன். தங்கமான பையன், காலையிலேர்ந்து அலுக்காம சொல்லித் தர்றாரு. இப்பதான் பதில் குட்டையா வருதுன்னு பதறிக்கிட்டு இருக்காரு.

— எங்க ஆபீஸ்லேர்ந்தா? இங்க உங்க பட்டியலைப் பார்க்கறது நான் ஒருத்தன்தாங்க. என் பேரு கியுவோன்.

— கியுவோனா? கியுவோன் அந்த இன்னொரு போன்ல இருக்காரே! நீங்க யாருங்க?