குழாயை அடைத்த கைகளுக்கு

அருகில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பின்வரிசைக்காரர்களும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மாலையோடு கூச்சப்பட்டு அமர்ந்திருக்கும் நம் வேதியியல் ஆசிரியை ராஜாம்பாள், ஒரு குழாயை அடைத்து ஒரு கிணற்றைக் காத்த கதையைச் சொல்கிறோம்.

அமிலத்தை அடக்கியாண்ட அம்மையே, நைனார்பாளையத்துக் கூலிவீட்டுப் பிள்ளையையும் கரியாலூர் மலைவீட்டுப் பிள்ளையையும் ஒரே மேசையில் நிறுத்தி ஒளியேற்றிய ஆசானே, பணிநிறைவு பெறும் பண்பின் பெட்டகமே, வணக்கம்.

நம் ஆய்வகத் தொட்டியின் குழாய், பின்சுவரைத் துளைத்துச் செல்லமுத்துவின் மரவள்ளிக் காட்டில் போய்த் திறந்தது. கட்டிய காலம் முதல் அமிலமும் ஈயமும் செம்பும் அதில்தான் போயின. அந்தக் கோடியில் செடிகள் வெளுத்தன. கிணற்று நீர் நாறியது. செய்முறைத் தேர்வு நெருங்கிய வேளையில் செல்லமுத்து கொத்தனாரோடும் கலவைச் சட்டியோடும் வந்து நின்றார்.

“இன்னா டீச்சர், உங்க பசங்க பரீட்ச எழுதிக்கினு போயிடுவாங்க. எங்க வூட்ல குடிக்கிற தண்ணி இது. நீங்க ஒரு சொம்பு குடிங்க பாக்கலாம்.”

தலைமையாசிரியர் இளஞ்செழியன் கைகூப்பினார். “பரீட்ச முடியட்டுங்க. குழாய் இல்லாட்டி இங்க தேர்வே நடக்காது. மலைப் புள்ளைங்க சின்னசேலம் போயி எழுதணும். பாதிப் பேரு வராதுங்க.”

அவர் பயம் பொய்யில்லை. ஆனாலும் அம்மா, நீங்கள் சாக்குச் சொல்லவில்லை. “அடைச்சிடுங்க. பரீட்சைய நாங்க பாத்துக்கறோம்” என்று, முதல் கரண்டிக் கலவையை நீங்களே அள்ளி அப்பினீர்கள்.

அடுத்து வந்தது ஆபத்து. ஆய்வக உதவியாளர் வீரமணி, ஆயுதபூஜைக்குக் கழுவித் துடைக்கும் பழக்கத்தில், மிச்சம் மீதியை எல்லாம் ஒரே வாளியில் கொட்டி, நாற்றம் போகட்டுமென்று பிளீச்சிங் பவுடரையும் தூவிவிட்டார். பச்சைப் புகை கிளம்பியது. சன்னல்களைத் திறந்து, எல்லோரையும் காற்று வரும் பக்கமாக ஓட்டினீர்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

“பயமா கீதும்மா. குழாயத் தொறந்துடலாம்” என்றார் வீரமணி, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

“சாம்பாரையும் பாயாசத்தையும் ஒண்ணா பெசஞ்சு துன்ற ஆளு நீ. இதுங்க அப்பிடிச் சேராது வீரமணி. தனித்தனியா வைக்கக் கத்துக்கலாம், வா.”

எரிகிற கண்ணோடு சிரித்தோம், சிரித்தபடியே கற்றோம். சோதனைக்குக் கைநிறைய அள்ளிய உப்பு மிளகளவாய்ச் சுருங்கியது. அமிலம் தனித்தொட்டி சேர்ந்து, சலவைச்சோடாவில் குமிழி அடங்கி, லிட்மஸ் தாள் சாட்சி சொன்ன பின்பே பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குப் போனது. ஈயத்துக்கும் செம்புக்கும் பெயரெழுதி மூடியிட்ட கேன்கள் வந்தன. குழாய்வாயில் நஞ்சேறிக் கிடந்த மண்ணையும் வாரி, கேன்களோடு சேர்த்து, அதற்கென்றே உரிமம் பெற்ற வண்டியில் ஏற்றினீர்கள்.

தேர்வன்று வெளியூர்த் தேர்வாளர் சோதனைக்குழாயோடு தொட்டியைத் தேடினார். “எங்கம்மா ஊத்துறது?”

கரியாலூர்க் கலையரசி தலை நிமிராமலே சொன்னாள்: “குழாயில்ல சார். ஈயம்னா இந்தக் கேனு. மாத்தி ஊத்திடாதீங்க, டீச்சர் திட்டுவாங்க.”

மலைப்பிள்ளைகள் அத்தனை பேரும் நம் பள்ளியிலேயே எழுதினார்கள், வென்றார்கள். கிணற்று நீரையும் மண்ணையும் சோதித்தவர்கள் நல்லதென்று சொன்ன பிறகு, செல்லமுத்து அந்தக் கோடியில் மறுபடி நட்டார். அதில் விளைந்த கிழங்குதான் இப்போது பந்தியில் வேகிறது. அந்த வீட்டுச் சொம்புத் தண்ணீரைத்தான் அம்மா, மேடையேறுமுன் நீங்கள் குடித்தீர்கள்.

நோயின்றி, நோவின்றி, நூறாண்டு வாழ்க நீங்கள். உங்கள் துணைவர் இளவரசனும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தழைக்கட்டும். கேட்டிருக்கும் கண்ணுகளா, உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல், தொட்டில் காலியாகாமல், வாசலுக்கு வந்தவர் வயிறு வாடாமல் நிறைந்திருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பில்,
பள்ளி ஆசிரியர்களும் அலுவலர்களும்