அம்பது மீட்டர் கட்டம்

இல்லங்கறேன்ல. கியுசோக் இங்க இல்ல. எத்தன வாட்டி கேட்டாலும் இதேதான் பதில். என்னச் சித்தின்னு கூப்பிடாத. சாப்பாட்டுக் கடைக்காரிய ஊரே அப்படித்தான் கூப்பிடுது, நீ கூப்பிட வேணாம். வந்தே, ஐஸ் தண்ணில போட்ட பச்ச மீன் ஒரு கிண்ணம் கேட்டே, குடுத்தேன். ஐஸ் கரையறதுக்குள்ள தின்னுட்டு உங்க ஆபீசு இருக்கற தேஜானுக்கு பஸ்ஸப் புடி.

மாப்பிள்ளதான். யாரு இல்லன்னா? கல்யாணமான புதுசுல கோழி அடிச்சுப் போட்டேன் அந்தத் தண்டத்துக்கு. இதே மேசைல உக்காந்துதான் உங்க வித்தையெல்லாம் வெளக்குவான். பாறைக்குள்ள பூரா பொடிப்பொடியா ஓட்டை இருக்கு அத்தே, அதுல தண்ணிய அழுத்தி ஏத்துனா பாறை உப்பும், நெளியும், எங்க எப்போ உடையும்னு கம்ப்யூட்டர்லயே பாத்துடலாம்பான். உள்ள போன தண்ணி பாறைச் சூட்டுல கொதிச்சு மேல வருமாம், அதுல கரண்ட் எடுப்பாங்களாம், ஊருக்கே நல்லதாம். நானும் பல்ல இளிச்சுக்கிட்டுக் கேட்டேன்.

ஒரு நாள் மிளகா விழுதத் தொட்டு மேசை மேல கட்டம் போட்டான். பாறைய இப்படிக் கட்டம் கட்டமாத்தான் கம்ப்யூட்டருக்குள்ள வைப்போம், ஒண்ணு அம்பது மீட்டர்னான். என் கட, பக்கத்து வலைக்காரன் வீடு, பாதி மீன் சந்தை, எல்லாம் ஒரே கட்டத்துல அடங்கிரும். அந்தக் கட்டத்துக்குள்ள பழைய வெடிப்பு ஏதாச்சும் இருந்தான்னு கேட்டேன். வம்புக்குத்தான் கேட்டேன், எனக்கென்ன தெரியும். அவ்ளோ ஒடுக்கமா இருந்தா கம்ப்யூட்டருக்குத் தெரியாது அத்தே, ஆனா அதால ஒண்ணும் ஆகாதுன்னு சிரிச்சான்.

ஆச்சுல்ல?

என்னது, இப்ப கட்டத்தச் சின்னதாக்கிட்டீங்களா? எவ்ளோ? அஞ்சு மீட்டரா. என் பொண்ணு நான்ஹி உயரம் அதுல மூணுல ஒரு பங்குகூட இல்ல.

வருத்தமெல்லாம் படாத. உன் வருத்தத்த வச்சு நான் நாக்கு வழிக்கவா? அன்னிக்குக் காலைல பூமி லேசா ஒரு ஆட்டம் ஆடுச்சு. இவ பயந்துபோய் அவனுக்கு ஃபோன் போடறா. தண்ணி ஏத்தறத நிறுத்தியாச்சு, கணக்குப்படி இதோட அடங்கிரும், வீட்டுக்குள்ளயே இருன்னான். புருசன் சொன்னான்னு இருந்தா. மத்தியானம் பெருசா ஆடுச்சு, செவுரு அவ மேல விழுந்துச்சு.

இப்ப பக்கத்து மாவட்டத்துல துளை போடப்போறீங்க. அவன் எழுதுன கணக்க ஓட்ட அவனத் தவிர நாதி இல்ல, அதான் மோப்பம் புடிச்சு வந்துட்டே. இந்தத் தடவ ஜாக்கிரதையா செய்யத்தான் அவன் வேணுமா? நல்லாப் பேசறே. அவனும் நல்லாத்தான் பேசிட்டிருந்தான். இப்ப நாள் பூரா வாயே தெறக்கறதில்ல.

என்ன அப்படிப் பாக்கறே? ஆமா, அப்படித்தான் சொன்னேன்.

மீன் துண்டு தடிதடியா இருக்குல்ல? தெனம் மெல்லிசாத்தான் அரிவான். உள்ள உன் கொரல் கேட்டிருக்கும், அவசர அவசரமா அரிஞ்சு தள்ளியிருப்பான். உக்காருடா. அந்த அடுப்படித் திரைச்சீலையில கைய வச்சே, மீன் கழுவுன தண்ணி மூஞ்சில விழும்.

மன்னிச்சுட்டேன்னு எவன் சொன்னான்? காலைல எந்திரிச்சதும் திட்டறேன், படுக்கப் போகும்போதும் திட்டறேன். தலையக் குனிஞ்சு கேட்டுக்கறான், எங்கயும் போறதில்ல. நான்ஹி எப்படிச் சிரிப்பான்னு தெரிஞ்ச ஆளு அவன விட்டா எனக்கு யாரு இருக்கா? உங்களுக்குக் குடுக்க மாட்டேன்.

கிளம்பு. காசு வேணாம். போறப்போ கதவ மெதுவாச் சாத்து. படார்னு சாத்துனா உள்ள அவன் மேசைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவான்.